வடக்குக்கு எவ்வளவு? அறிவிப்புக்குப் பின் பணம் போகும் பாதை

வரவு செலவுத் திட்ட உரை முடிந்த மறுநாள் எங்கள் செய்திகளின் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: வடக்குக்கு எவ்வளவு, கிழக்குக்கு எவ்வளவு. 2025 பெப்ரவரி 17 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதி அமைச்சர் என்ற வகையில் வாசித்த உரைக்குப் பின்னரும் அப்படித்தான் நடந்தது. வட மாகாணக் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா, வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா, யாழ். பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா. மூன்று தொகைகளும் இரண்டு நாட்கள் பேசப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பணம் எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்குப் போனது, யார் கணக்குக் கேட்டார்கள் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டது.

சுயாதீன ஊடகவியலாளராகக் கடந்த சில வருடங்களாகப் பாராளுமன்றக் குழுக்களின் அறிக்கைகளை வாசித்து வருகிறேன். வாசிப்பதற்குச் சுவையானவை அல்ல. ஆனால் எங்கள் ஊர்களில் பாதியில் நிற்கும் வீதிக்கும் வீட்டுக்குமான விடை பல வேளைகளில் அங்கேதான் கிடக்கிறது. அந்தப் பாதையைத் தெரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 148 ஆவது உறுப்புரை பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு வழங்குகிறது. வரியாகவும் கடனாகவும் வரும் பணம் திரட்டு நிதியத்தில் சேர்கிறது. அதிலிருந்து பணம் எடுக்க நிதி அமைச்சரின் கையெழுத்துடனான ஆணைப்பத்திரம் வேண்டும். பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அனுமதித்த நோக்கத்துக்கே அதைக் கொடுக்கலாம். கேட்க வலுவான ஏற்பாடு. ஆனால் பொதுப் பணத்தைச் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அனுமதியுடன் அமைச்சர் ஒருவர் மட்டுமே கொண்டுவர முடியும். ஆகவே முல்லைத்தீவுக்கு ஒரு ரூபாவைக் கூட்டிக் கேட்க எந்தத் தமிழ் உறுப்பினராலும் முடியாது. குறைக்கச் சொல்லலாம், விமர்சிக்கலாம், வாக்களிக்கலாம். குழுநிலை விவாதத்தில் எங்கள் உறுப்பினர்கள் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதற்கு அவர்களுடைய திறமையின்மை மட்டுமே காரணமல்ல.

ஒதுக்கீட்டு அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்று மீண்டுவரும் செலவு: சம்பளம், ஓய்வூதியம், எரிபொருள், உணவு. மற்றது மூலதனச் செலவு: வீதி, பாலம், கட்டடம், குளம். முதலாவதை நிறுத்த முடியாது. சம்பளம் மாத முடிவில் போயே ஆகவேண்டும். வருமானம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இரண்டாவது. 2025 இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 442 பில்லியன் ரூபாவில் மிகப் பெரும்பகுதி முதலாவது நிரலில் இருந்தது. எங்கள் வீதிகளும் பாலங்களும் இரண்டாவதில். போர் முடிந்து இத்தனை வருடங்களின் பின்னரும் எது தட்டாமல் போகிறது, எது தள்ளிப் போகிறது என்பதை இந்த இரண்டு நிரல்களே காட்டிவிடும்.

2024 இன் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் இதற்கு இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறது. கடன் வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பொருளாதார நெருக்கடியை அனுபவித்த நாட்டுக்கு ஒழுங்கு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடப் போரில் பாலமும் பள்ளிக்கூடமும் இழந்த மாவட்டத்துக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் ஒரே கூரைதான்.

அடுத்தது காலம். 2024 நவம்பரில் பொதுத் தேர்தல் நடந்ததால் 2025 இன் முதல் நான்கு மாதங்கள் இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடின. வரவு செலவுத் திட்டம் மூன்றாம் வாசிப்பில் நிறைவேறியது மார்ச் 21 ஆம் திகதி. அதன் பின்னர்தான் புதிய வேலைகளுக்கு மதிப்பீடு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம், திறைசேரியின் பணம். வன்னியில் ஐப்பசியில் மழை இறங்கிவிடும். அதற்குப் பிறகு கிரவல் வீதியில் உருளை இயந்திரம் ஓடாது. டிசம்பர் 31 ஆம் திகதியுடன் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிறது. “வடக்குக்கு வந்த பணம் திரும்பிப் போனது” என்ற குற்றச்சாட்டு வருடா வருடம் எழுகிறது. அதிகாரிகளின் அசட்டை சில இடங்களில் காரணம்தான். ஆனால் எந்த மாதத்தில் பணம் விடுவிக்கப்பட்டது என்று கேட்காமல் அவர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

கணக்குக் கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் மூன்று குழுக்கள் முக்கியமானவை. பணம் போகுமுன் பார்ப்பது அரசாங்க நிதி பற்றிய குழு. போன பின்னர் பார்ப்பவை இரண்டு: அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1921 இல் இருந்து இயங்கிவரும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, கூட்டுத்தாபனங்களுக்கும் அதிகார சபைகளுக்கும் 1979 இல் உருவான கோப் குழு. இந்தப் பிரிப்பு எங்களுக்கு ஏன் முக்கியம்? வட்டுவாகல் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதத்தில் எஞ்சியதைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் கடந்த அந்த இடம், பரந்தன் - முல்லைத்தீவு ஏ35 வீதியில் இருக்கிறது. ஏ தர வீதி என்பதால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஆகவே அந்த 1,000 மில்லியனுக்குக் கணக்குக் கேட்க வேண்டியது கோப். அதே வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்து ஒழுங்கை பிரதேச சபைக்குரியது, அதற்குக் கோபா. இடையில் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் வீதிகள் வேறு. பிரதேச சபைத் தவிசாளரைப் பிடித்து ஏ35 பற்றிக் கேட்டால் அவர் கையை விரிக்கத்தான் செய்வார்.

இந்தக் குழுக்களின் பலம் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளில் தங்கியிருக்கிறது. 2018 இன் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், சட்டவிரோதச் செலவாலோ கவனயீனத்தாலோ அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான அதிகாரியிடமிருந்தே அறவிட வழி செய்தது. ஆனால் 2025 ஏப்ரலில் அப்பதவியில் இருந்தவர் ஓய்வு பெற்ற பின்னர் நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. குழுக்களாலும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் பரிந்துரைக்கவும்தான் முடியும், தண்டிக்க முடியாது. 2024 மார்ச்சில் கோப் குழுவின் தலைமை நியமனத்தை எதிர்த்து உறுப்பினர்கள் பலர் அடுத்தடுத்து விலகியதை நினைவில் வைத்திருப்பீர்கள். தலைவர் யார் என்பதில் குழுவின் மதிப்பே ஆடிப்போகிறது.

எங்களிடம் இன்னொரு வெற்றிடமும் இருக்கிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லை. மாகாணக் கல்வி, சுகாதாரம், விவசாயம், வீதி எல்லாவற்றுக்குமான பணம் ஆளுநரின் கீழ் செலவாகிறது. சபை இருந்தபோது வினைத்திறன் பற்றி எனக்கும் நிறைய விமர்சனம் உண்டு. ஆனாலும் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் எழும்பி “இந்தத் தொகை எங்கே?” என்று தமிழில் கேட்கக்கூடிய அவை ஒன்று இருந்தது.

சம்பள விடயத்துக்கு வருவோம். 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2027 ஜனவரி வரையான மூன்று கட்டங்களில் உயர்த்தியது. கூடுவது 15,750 ரூபா. ஏற்கனவே பெற்றுவந்த சில கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டதால் உண்மையான அதிகரிப்பு 8,250 ரூபா. தனியார் துறைக்குச் சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 17,500 ரூபாவிலிருந்து 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. நாளொன்றுக்கு 1,200 ரூபா. உங்கள் பிள்ளை நகரத்துக் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ இதற்குக் குறைவாக வாங்கினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

பெருந்தோட்டத் தொழிலாளருக்கு 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350 இலிருந்து 1,550 ரூபாவானது. அதோடு அரசாங்கம் வரவு ஊக்குவிப்பாக 200 ரூபாவைச் சேர்த்து 1,750 ஆக்கியது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எங்களிடையே நிறைய. இந்தக் கணக்கு அவர்களுக்கு அந்நியமானதல்ல. தொழிலாளி கைக்கு அந்த 200 ரூபா போவதை வரவேற்கிறேன். ஆனால் தனியார் கம்பனிகளின் சம்பளப் பட்டியலைத் திறைசேரி நிரப்பும்போது, அந்தப் பணம் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பாராளுமன்றம் கேட்டே ஆகவேண்டும்.

நியாயமான சம்பளம் பற்றி எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படாத உதாரணம் முன்பள்ளி ஆசிரியைகள். போருக்குப் பின்னர் வன்னியில் ஒரு பகுதியினர் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சேர்க்கப்பட்டு அரச சம்பளம் பெற்றார்கள். பக்கத்து ஊர் முன்பள்ளியில் அதே பாட்டையும் அதே அரிவரியையும் சொல்லிக்கொடுத்தவர் மாகாணத்திலிருந்து சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு பெற்றார். வித்தியாசம் பல மடங்கு. கணவரை இழந்த, காணாமலாக்கப்பட்டவரைத் தேடுகிற பெண்கள் இராணுவ நிர்வாகத்தின் கீழ் வேலை செய்வதா, பட்டினி கிடப்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் கல்வியைப் பாதுகாப்புச் செலவுத் தலைப்பில் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்கு இதுவரை நேரான பதில் இல்லை. அந்தப் பணத்தை அதே ஆசிரியைகளின் சம்பளமாகக் கல்வித் தலைப்புக்கு மாற்றப் புதிதாக ஒரு சதமும் வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. 2016 இன் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். நான் விண்ணப்பித்த ஓர் அலுவலகம் முதலில் “கோப்பு இல்லை” என்றது. மேன்முறையீட்டுக்குப் பிறகு கோப்பு கிடைத்தது. “எங்கள் வீதி ஏன் போடவில்லை?” என்று கேட்டால் விளக்கம்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை, திறைசேரியிலிருந்து பணம் கிடைத்த திகதிகள், ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த ஒவ்வொரு கொடுப்பனவு, டிசம்பர் 31 இல் எஞ்சிய தொகை, அதே நிறுவனம் பற்றிய கடைசிக் கணக்காய்வு அறிக்கையின் பிரதி. பதில் வந்ததும் ஒரு பிரதியை உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கொடுங்கள். ஏ35 போன்ற வீதியென்றால் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம், கோப் குழுவில் கேட்கும்படி எழுதிக் கொடுங்கள்.