26 நாள் அவகாசம்

2022 இற்குப் பிறகு 'வங்குரோத்து' என்ற சொல் நம் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஒரு கம்பனி வங்குரோத்தானால் அதன் அடி கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் கார்க் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. மே 14 இல் ஓர் அறிவிப்பு வந்தது: 789 விற்பனை முகவர்களின் ஒப்பந்தங்கள் ஜூன் 9 உடன் முடிகின்றன. மொத்தம் இருந்ததே ஏறத்தாழ 3,200 முகவர்கள். நான்கில் ஒரு பங்கினருக்கு 26 நாள் அவகாசம்.

இந்த முகவர்கள் கிரைஸ்லரின் சம்பளக்காரர்கள் அல்லர். தனி வியாபாரிகள். பலருக்கு அது தகப்பன், பாட்டன் காலத்துத் தொழில். முற்றத்தில் நின்ற கார்கள் கடனுக்கு எடுத்தவை. சாதாரண காலத்தில் ஒரு முகவரைக் கம்பனி நினைத்தபடி நீக்க முடியாது. மாநிலச் சட்டங்கள் தடுக்கும். வங்குரோத்து நீதிமன்றத்தில் அந்தச் சட்டங்கள் எடுபடவில்லை. ஜூன் 9 அன்று நீதிபதி அனுமதி கொடுத்தார். மறுநாளே ஃபியட்டின் கூட்டோடு புதிய கிரைஸ்லர் பிறந்தது.

அந்த நிலையங்களில் வேலை செய்தவர்களை யோசித்துப் பாருங்கள். கொமிஷனை நம்பியிருந்த விற்பனையாளர், அந்த ஒரு பிராண்டிலேயே கை பழகிய மெக்கானிக், உதிரிப்பாகப் பகுதியில் நின்றவர், கணக்கெழுதிய பெண். ரத்தான ஒப்பந்தத்தில் இவர்கள் ஒரு தரப்பே அல்ல.

2009 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, நீக்கப்பட்ட முகவர்கள் நடுவர் தீர்ப்புக்குப் போக வழி செய்தது. அந்த உரிமையும் முதலாளிக்கே. நடுவர் முன் போக மெக்கானிக்குக்கு வழியில்லை.

2010 ஜூலையில், அரசின் மீட்பு நிதியைக் கண்காணித்த விசேட பரிசோதகர் நாயகம் அறிக்கை வெளியிட்டார். நிலையங்களை அவ்வளவு வேகமாக மூடத்தான் வேண்டுமா என்று அதில் கேட்டார். வேலையிழப்பைப் போதுமான அளவு எண்ணிப் பார்க்காமலே அரசு அந்த வேகத்தைத் தூண்டியது என்றும் குறை சொன்னார். மூடிய கதவுகளுக்கு வெளியே ஓராண்டு கழித்து வந்த உண்மை அது.

ஒரு கம்பனியைக் காப்பாற்றுவது தவறல்ல. கிரைஸ்லர் விழுந்திருந்தால் இன்னும் பலர் வேலை இழந்திருப்பார்கள். ஆனால் கணக்குப் பார்க்கும் மேசையில் தொழிலாளிக்கும் ஒரு கதிரை இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு நிறுவனம் மூடப்படும்போது, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கே எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்றும் கேட்போம்.