மேகக் கணிமையில் வணிக அமைப்புகள்: நிறுவல், பராமரிப்பு, பழுதறிதல்

ஒரு நிறுவனத்தின் பில்லிங், கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் சேவை முதலிய மென்பொருள்களைச் சொந்த சர்வர் அறையில் ஓட்டாமல், இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில் நிறுவி நடத்தும் முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். ஐ.டி. அலுவலகங்களில் ‘கிளவுட்’ என்றாலே போதும். அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட் அஸூர், கூகுள் கிளவுட் ஆகியவை இத்துறையின் பெரிய தளங்கள். அவற்றில் மென்பொருளை ஏற்றுவது, அன்றாடம் பராமரிப்பது, கோளாறு வந்தால் காரணம் தேடிச் சரிசெய்வது ஆகியவை இன்று தனித்தனித் தொழில்களாக வளர்ந்திருக்கின்றன. அந்தத் தொழில்களின் விதிகளில் பல, ஊரறிய நடந்த விபத்துகளிலிருந்து பிறந்தவை. எங்கே, எப்படித் தவறியது என்று நிறுவனங்களே எழுதி வெளியிட்ட அறிக்கைகளைப் பொறியாளர்கள் பாடநூல்போல் படிக்கிறார்கள்.

தோற்றம்

2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு ஜிகாபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட் கட்டணம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈசி2 வந்தது. 1.7 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 160 ஜிபி வட்டும் கொண்ட ஒரு சர்வருக்கு நிகரான திறன், மணிக்கு 10 சென்ட் வாடகையில் கிடைத்தது. அதுவரை ஒரு சர்வர் வேண்டுமென்றால் கொட்டேஷன் வாங்கி, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, பெட்டி வந்து இறங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது சில நிமிடம் போதும். வேலை முடிந்து அணைத்துவிட்டால் வாடகையும் நின்றுவிடும். கூகுள் 2008இல் ஆப் என்ஜினுடன் களமிறங்கியது. மைக்ரோசாஃப்டின் அஸூர் 2010இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது.

பெரிய வணிகம் ஒன்று முழுமையாக இடம்பெயர்ந்ததற்கு நெட்ஃபிளிக்ஸ் முக்கிய எடுத்துக்காட்டு. 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் சிதைந்து, மூன்று நாட்கள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் போனது. அதன்பின் அமேசானுக்கு மாறத் தொடங்கிய நிறுவனம், 2016 ஜனவரியில்தான் அந்த வேலையை முடித்தது. பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வைக்காமல், நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்து எழுதியதே இத்தனை காலம் பிடித்ததற்குக் காரணம். எந்த சர்வரும் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்துக்கொண்டுதான் அவை எழுதப்பட்டன. அதைச் சோதிக்க, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்து நிறுத்தும் ‘கேயாஸ் மங்கி’ என்ற கருவியையும் நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கியது. பொறியாளர்கள் அலுவலகத்தில் இருக்கும் வேலை நேரத்தில்தான் அது ஓடும். 2012இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

யார் எதற்குப் பொறுப்பு

அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை மேகச் சேவைகளை மூன்றாகப் பிரிக்கிறது: வெறும் கணினித் திறனைத் தருவது, மென்பொருள் எழுதி ஏற்றுவதற்கான தளத்தைத் தருவது, தயாரான மென்பொருளையே தருவது. முதல் வகையில் கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், வட்டு, வலைப்பின்னல் எல்லாம் தளத்தின் பொறுப்பு. இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, ஃபயர்வால் விதி, பயனர் அனுமதி, தரவு ஆகியவை வாடிக்கையாளர் தலையில். மூன்றாம் வகைக்குப் போகப் போக வாடிக்கையாளரின் சுமை குறையும். ஆனால் தன் தரவை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு எந்த வகையிலும் அவரை விட்டு நீங்காது.

இந்தக் கோடு சரியாகப் புரியாததால் நேர்ந்த கசிவுகள் ஏராளம். எஸ்3 சேமிப்புத் தொட்டிகளைக் கவனக்குறைவாகப் பொதுவில் திறந்துவிட்ட நிறுவனங்களின் ஆவணங்கள் அடிக்கடி வெளியே வந்ததால், 2018இல் பொது அணுகலை மொத்தமாகத் தடுக்கும் வசதியை அமேசான் கொடுத்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய தொட்டிகள் எல்லாம் அந்தத் தடையுடனேயே உருவாகின்றன.

நிறுவும் முறை

முதல் முடிவு இடம். தளங்கள் தங்கள் டேட்டா சென்டர்களை ‘ரீஜன்’ என்ற வட்டாரங்களாகவும், ஒவ்வொரு வட்டாரத்தையும் தனித்தனி மின்வழியும் வலைப்பின்னலும் கொண்ட ‘ஜோன்’களாகவும் பிரித்து வைத்திருக்கின்றன. அமேசானில் ஒரு வட்டாரத்தின் ஜோன்கள் ஒன்றுக்கொன்று 100 கிலோமீட்டருக்குள் இருக்கும். வணிக அமைப்பை இரண்டு ஜோன்களிலாவது நிறுவி, முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைப்பது அடிப்படை வழக்கம். ஒரு ஜோன் விழுந்தாலும் கோரிக்கைகள் அடுத்ததற்குப் போகும்.

இணையதளத்தில் பொத்தான்களை அழுத்தி சர்வர் உருவாக்குவது பழகுவதற்குச் சரி; நூறு சர்வர்களுக்கு ஒத்துவராது. எந்த சர்வர், எந்த அளவு, எந்த வலைப்பின்னல் என்பதையெல்லாம் கோப்பாக எழுதிவைத்து, அந்தக் கோப்பிலிருந்தே முழு அமைப்பையும் எழுப்பும் முறை வந்தது. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இலும், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான டெராஃபார்ம் 2014இலும் வெளியாயின. மென்பொருளை அதற்குத் தேவையான துணைக்கோப்புகளோடு ஒரே பொதியாகக் கட்டும் டாக்கர் 2013இல் வந்தது. அந்தப் பொதிகளைப் பல சர்வர்களில் பரப்பி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸை அடுத்த ஆண்டே கூகுள் வெளியிட்டது.

புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. முதலில் நூற்றில் ஐந்து பயனர்களுக்குக் கொடுத்து, பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு விரிப்பார்கள். இன்னொரு முறையில் பழையதும் புதியதும் அருகருகே ஓடும். போக்குவரத்தை மட்டும் திருப்பிவிடுவார்கள். கோளாறு தெரிந்தால் மறுபடி பழைய பக்கம் திருப்பச் சில நொடிகளே ஆகும். இதில் சிக்கலான பகுதி டேட்டாபேஸ்தான். அட்டவணையின் அமைப்பை மாற்றிவிட்டால் பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். அதனால் இரண்டு பதிப்புகளுக்கும் பொருந்தும்படி அட்டவணையைப் படிப்படியாகவே மாற்றுகிறார்கள்.

அன்றாடப் பராமரிப்பு

மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று உறுதியளித்தால், அந்த மாதத்தில் சுமார் 43 நிமிடம் நின்றுபோக இடமுண்டு. 99.99 சதவீதம் என்றால் சுமார் 4 நிமிடம்தான். இந்த இரண்டுக்கும் இடையே செலவில் பெரிய வித்தியாசம் வரும் என்பதால், எந்த மென்பொருளுக்கு எது போதும் என்று முதலிலேயே முடிவு செய்கிறார்கள். அதற்கேற்ப எச்சரிக்கை மணிகளும் அமைகின்றன.

செலவும் ஒரு பராமரிப்பு வேலை. சோதனைக்காக எழுப்பி மறந்துபோன சர்வர்களும், சர்வரை அழித்தபின்னும் மிச்சமிருக்கும் வட்டுகளும், தளத்திலிருந்து தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணமும் மாதக் கடைசியில் பில்லில் வந்து நிற்கும். ஒவ்வொரு வளத்துக்கும் துறை, திட்டம், பொறுப்பாளர் என்று ‘டேக்’ ஒட்டுவதும், வரம்பு தாண்டினால் மின்னஞ்சல் வரச் செய்வதும் வழக்கமான தற்காப்பு.

பழுதறிதல்

பயனர் ‘சிஸ்டம் ஓபன் ஆகலை’ என்று மட்டும்தான் சொல்வார். எப்படித் திறக்கவில்லை என்பதில்தான் முதல் துப்பு இருக்கிறது. பக்கம் வெகுநேரம் சுற்றிவிட்டுக் கைவிட்டால், கோரிக்கை வழியிலேயே காணாமல் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஃபயர்வாலில் அந்த போர்ட் திறக்கப்பட்டிருக்காது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனடியாக வந்தால் கோரிக்கை பெரும்பாலும் சர்வர்வரை போயிருக்கிறது. அங்கே ஓட வேண்டிய மென்பொருள்தான் ஓடவில்லை. 502 என்ற பிழை எண் வந்தால் லோட் பேலன்சருக்குப் பின்னாலுள்ள மென்பொருள் தப்பான பதில் தந்திருக்கிறது. 503 என்றால் பதில் தரும் நிலையில் சர்வர் எதுவும் இல்லை. 504 என்றால் பதில் வரத் தாமதம். அதன் அடியில் பலமுறை மெதுவான டேட்டாபேஸ் வினவல் ஒன்று கிடக்கும். குபெர்நெட்டிஸில் பொதி திரும்பத் திரும்ப விழுந்து 137 என்ற எண்ணைக் காட்டினால், 128உடன் 9ஐக் கூட்டிய கணக்கு அது. லினக்ஸின் 9ஆம் சிக்னல் அதைக் கட்டாயமாக நிறுத்தியிருக்கிறது. மெமரி வரம்பைத் தாண்டியதே அதற்கு வழக்கமான காரணம்.

இத்தனைக்கும் முன்பாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? மாற்றத்தைத் திரும்பப் பெற்றுச் சேவையை முதலில் மீட்பார்கள். லாக்குகளைப் புரட்டிக் காரணம் தேடுவது அடுத்த வேலை.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வட வர்ஜீனியா வட்டாரத்தில் எஸ்3 நின்றது. பில்லிங் அமைப்பின் மந்தத்தை ஆராய்ந்த ஒருவர், சில சர்வர்களை விலக்க ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறியதால் நினைத்ததைவிட அதிக சர்வர்கள் விலகின. பல ஆண்டுகளாக முழுமையாக மறுதொடக்கம் செய்யப்படாத துணை அமைப்புகளை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. பசிபிக் நேரப்படி காலை 9.37க்குத் தொடங்கிய சிக்கல் பிற்பகல் 1.54க்குத்தான் முழுமையாகத் தீர்ந்தது. சேவை நிலையைக் காட்டும் பக்கமே எஸ்3ஐ நம்பியிருந்ததால், கோளாறை ட்விட்டரில் அறிவிக்க நேர்ந்தது. அதன்பின், குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே எதையும் விலக்க முடியாதபடி அந்தக் கருவி திருத்தப்பட்டது.

அஸூரின் 2012 பிப்ரவரி 29 விபத்து வேறு விதம். பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதித் தேதியைக் கணக்கிட, நிரல் ஆண்டோடு ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்ற நாளே கிடையாது என்பதால் சான்றிதழ் உருவாகவில்லை. அதனால் மெய்நிகர் கணினிகள் எழவில்லை. மூன்று முறை முயன்றும் எழாததால், வன்பொருள் பழுது என்று தானியங்கி முடிவு கட்டி, அங்கிருந்த கணினிகளை நல்ல சர்வர்களுக்கு மாற்றியது. அங்கேயும் அதே கதை. பழுதைக் குணப்படுத்த எழுதிய நிரலே பழுதைப் பரப்பியது.

காப்பும் மீட்பும்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸின் கோப்புறை என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. காப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் உருப்படியாக ஓடியிருக்கவில்லை. பதிப்புப் பொருத்தமின்மையால் தினசரி பேக்கப் தோல்வியடைந்து வந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்தான் கைகொடுத்தது. மீட்புப் பணியை நிறுவனம் யூடியூபில் நேரலையாகக் காட்டியது.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, அசலையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் தனியார் மேகம் கூகுளில் அழிந்துபோனது. அதை அமைத்தபோது ஓர் உட்கருவியில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டதால், ஓராண்டுக் கெடு தானாகப் பதிவாகி, கெடு முடிந்ததும் அழிப்பு நடந்தது. கூகுளின் சேமிப்புச் சேவையில் இருந்த நகல்களும் வெளி நிறுவன பேக்கப் மென்பொருளும் மீட்க உதவின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம்வரை காத்திருந்தார்கள்.

இந்தியாவில்

அஸூர் 2015 செப்டம்பரில் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் வட்டாரங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கும், கூகுள் 2017இல் மும்பைக்கும் 2021இல் டெல்லிக்கும் வந்தன. பணப் பரிவர்த்தனைத் தரவு நாட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022இல் செர்ட்-இன் அமைப்பு விதித்த கட்டளை. அமேசானின் ஹைதராபாத் வட்டாரம் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட பிறகு, அந்தத் தளத்தில் இயங்கும் நிறுவனங்கள் மும்பையிலுள்ள அமைப்புக்கு வேறொரு வட்டாரத்தில் மாற்று வைக்க சிங்கப்பூர்வரை போகத் தேவையில்லாமல் போனது.