பத்திரிகைத் தொழிலில் அமைப்பு நோக்கு

அமைப்பு நோக்கு என்பது, ஒரு தொழிலைத் தனித்தனி இலாகாக்களின் தொகுதியாகக் கொள்ளாமல், காரணமே காரியமாகவும் காரியமே மீண்டும் காரணமாகவும் சுழன்றுவரும் உறவுகளின் பிணைப்பாகக் கொண்டு ஆராயும் முறையாகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் ஆலைகளின் உற்பத்திக்கும் சரக்கிருப்புக்கும் பிரயோகித்துக் காட்டிய இம்முறை, எழுத்தையும் சித்திரத்தையும் விற்கும் தொழிலுக்கும் பொருந்தும் என்பதற்குத் தக்க திருஷ்டாந்தம், பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் பிரசுர நிறுவனம் நடத்திய ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வாரப் பத்திரிகையின் சரித்திரமேயாகும்.

சைரஸ் கர்ட்டிஸ் 1897-இல் ஆயிரம் டாலருக்கு வாங்கிய அப்பத்திரிகை, 1899 முதல் 1936 வரை ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஹோரஸ் லோரிமரின் திறமையால் 1908-இலேயே பத்து லட்சம் பிரதிகளை எட்டியது. 1916 முதல் நார்மன் ராக்வெல் தீட்டிய அட்டைச் சித்திரங்கள் அதனை அமெரிக்க இல்லங்களின் பரிச்சயப் பொருளாக்கின. 1960-களில் அறுபது லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றுக்கொண்டிருந்தும் நஷ்டத்தில் மூழ்கி, 1969 பிப்ரவரியில் அது நின்றது.

தொலைக்காட்சி விளம்பரங்களைக் கவர்ந்து சென்றது உண்மையே. ஆயினும் முழுப் பழியையும் அதன் தலையில் சுமத்திவிடுவது சோம்பலான விளக்கம். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோஜர் ஹால், 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பத்திரிகையின் உள்ளமைப்பையே கணித உருவில் வகுத்துச் சோதித்தார். சந்தாப் பணம் பிரதியின் அடக்கவிலைக்குக் காணாது. அக்குறையை நிரப்புவது விளம்பரம். விளம்பரம் தருபவரோ, ஆயிரம் வாசகருக்கு என்ன விலை என்றே கணக்கிடுவார். எனவே சந்தா பெருகினால் காகிதச் செலவும் அச்சுச் செலவும் தபால் செலவும் உடனே ஏற, விளம்பரக் கட்டணம் பின்தங்கியே ஏறும். அதனை அவசரமாக உயர்த்தினாலோ விளம்பரப் பக்கங்கள் குறையும். விளம்பரப் பக்கங்களின் விகிதத்தை ஒட்டியே இதழின் மொத்தப் பக்கங்கள் நிர்ணயிக்கப்பட்டமையால் இதழ் மெலியும். மெலிந்த இதழைக் கண்ட வாசகர் சந்தாவைப் புதுப்பியார். அவருக்குப் பதிலாக மற்றொருவரைச் சேர்க்கச் சலுகைச் சந்தாவும் பிரசாரச் செலவும் வேண்டியிருக்கும். அவரவர் இலாகாவின் கணக்கை மட்டும் நோக்கினால் சந்தா அதிகாரி செய்ததும் சரி, விளம்பர அதிகாரி செய்ததும் சரி; சுழலும் உறவுகளாக நோக்கினாலோ, இரண்டும் சேர்ந்தே பத்திரிகையைச் சாய்த்தன.

பக்கங்களையும் சந்தாக்களையும் எண்ணலாம். ஆனால் லோரிமருக்குக் கதை தேர்வதில் இருந்த விவேகத்தை எந்தச் சமன்பாட்டில் அடக்குவது? இது இம்முறைக்கு இயல்பான குறை. ஆயினும் இம்முறை காட்டும் பிணைப்பு வேறோரிடத்திலும் தெரிகிறது. சொந்தக் காகித ஆலையும் சொந்த அச்சகமும் வைத்திருந்தது ஒருகாலத்தில் கர்ட்டிஸ் நிறுவனத்தின் பலம். பத்திரிகையைச் சுருக்க நினைத்தபோது அவற்றுக்கு வேலையளிக்க வேண்டிய கட்டாயமே தளையாயிற்று. 1968-இல் நிர்வாகிகள் சந்தாதாரரில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தாமே நீக்கியும் நிலை சீர்ப்படவில்லை. நின்றது ‘போஸ்ட்’ மட்டுமன்று; பல லட்சம் வாசகருடனிருந்த ‘லுக்’ 1971-இலும், ‘லைஃப்’ வாரப் பதிப்பு 1972-இலும் நின்றுபோயின.