இனப்படுகொலை: முன்னறிந்து தடுக்க முடியுமா?

எட்டயபுரத்துக்கு அருகே, கரிசல் பூமியில் தாப்பாத்தி முகாம் உள்ளது. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. எனவே கோவில்பட்டி வட்டாரத்தில் வாழும் நமக்கு இனப்படுகொலை என்பது எங்கோ தூரத்துச் செய்தி அல்ல.

இதற்கான ஆங்கிலச் சொல்லை 1944-இல் உருவாக்கியவர் இரபேல் லெம்கின். நாத்சிகளின் கொடுமையில் உறவினர் பலரை இழந்த போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் அவர். அவரது விடாமுயற்சியால் 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுப்பேரவை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1950-இலும் இந்தியா 1959-இலும் அதில் இணைந்தன.

கொல்வது மட்டுமே இனப்படுகொலை என்று பலர் எண்ணுகிறோம். உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஓர் இனத்தையோ சமயத்தாரையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் கடுந்தீங்கு இழைப்பது, வாழ முடியாத நிலையைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பறித்து வேறு குழுவினரிடம் சேர்ப்பது ஆகியவையும் அதே குற்றமே. நோக்கத்தை மெய்ப்பிப்பதுதான் நீதிமன்றங்களில் மிகக் கடினம்.

இத்தகைய அழிவு திடீரென வருவதில்லை என்கின்றனர் அறிஞர்கள். அமெரிக்க அறிஞர் கிரகரி ஸ்டான்டன் இதைப் பத்துப் படிகளாக விளக்குகிறார். 'நாம், அவர்கள்' என்ற பிரிவினை முதற்படி. நடந்ததை மறுப்பது கடைசிப்படி. இலங்கையிலும் அடையாளங்கள் முன்பே தெரிந்தன. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983-இல் ஜூலைக் கலவரம் மூண்டது.

2009-இல் போர் முடிந்தது. 2011-இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசின் விசாரணை ஆணைக்குழு முன் ஓர் எளிய கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021-இல் அவர் மறைந்தார். கேள்வி இன்னும் நிற்கிறது. மக்களைக் காக்க ஐ.நா. தவறியதை அதன் உள்ளக அறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது.

2022-இல் கனடா நாடாளுமன்றம் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு அச்சொல்லை மறுக்கிறது. பன்னாட்டு நீதிமன்றம் எதுவும் இதுவரை தீர்ப்பு வழங்கவில்லை. ஆகவேதான் பெயர்களையும் எண்ணிக்கையையும் காத்து வைப்பது முக்கியமாகிறது. மறுப்புக்கு அதுவே விடை.

நம்மால் ஆவது என்ன? முகாமில் வாழும் முதியோரின் நினைவுகளை, அவர்கள் விரும்பினால், எழுதி வைக்கலாம். நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் பள்ளியிலும் சாதியைச் சொல்லி 'அவனுங்க' என்று பேச்சு எழும்போது அங்கேயே தடுக்கலாம். முதற்படியில் நிறுத்துவது நம் கையில் உள்ளது.