சித்திரக் கதை வீரரின் சாவும் உயிர்த்தெழுதலும்

1992ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சித்திரக் கதைக் கடைகளின் வாயில்களில் மக்கள் வரிசையாக நின்றனர். சூப்பர்மானின் மரணத்தைக் கூறும் 75ஆம் இதழ் கறுப்பு உறையில் இடப்பட்டு, கையிற் கட்டுவதற்கான துக்கப் பட்டியொன்றுடன் விற்கப்பட்டது. பல இலட்சம் பிரதிகள் விலைபோயின. மறு ஆண்டிலேயே மாண்டவன் மீண்டு வந்தான். தலைமயிர் சற்று நீண்டிருந்ததைத் தவிர, மரணம் அவனிடத்து வேறெத்தடயத்தையும் விட்டுச் செல்லவில்லை.

இத்தகைய கதைகளைக் கிறித்துவின் பாடுகளோடும் உயிர்த்தெழுதலோடும் ஒப்பிடுவது மேலைநாட்டுத் திறனாய்வாளரிடையே பெருவழக்காகிவிட்டது. ஒப்புமைக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1978இல் வெளிவந்த சூப்பர்மான் திரைப்படத்தில் விண்ணுலகத் தந்தையொருவர் தம் ஒரே மகனை மானிடர்க்கு வழிகாட்ட அனுப்புகின்றார். 1985இல் சூப்பர்கேள் இறந்தபோது, அவளுடலைச் சூப்பர்மான் ஏந்தி நின்ற அட்டைப்படம், மைக்கலாஞ்சலோ செதுக்கிய மரியன்னையின் துயரச் சிலையை நினைவூட்டுவது. சூப்பர்மான் புதைக்கப்பட்ட கல்லறையும் வெறுமையாகவே காணப்படுகின்றது. எனினும் 1938இல் அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்ரர் ஆகிய இருவரும் யூத இளைஞர்கள் என்பதும், அழிவினின்று காக்கப் பேழையில் இட்டு அனுப்பப்பட்ட குழந்தை இயேசுவிலும் மோசேயையே பெரிதும் ஒத்துள்ளது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. சின்னங்கள் ஒத்திருப்பதனாற் கருத்தும் ஒத்திருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வீரர் ஏன் இறக்கின்றனர் என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். 1992இல் சூப்பர்மானுக்கு முதலில் திட்டமிடப்பட்டது சாவன்று, திருமணம். அக்காலத்தில் ஆயத்தமாகிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரோடு இணைந்து செல்லும் பொருட்டுத் திருமணம் பிற்போடப்பட்டது. அவ்விடத்தை நிரப்பவே எழுத்தாளர் மரணத்தைத் தேர்ந்தனர். திருமணம் 1996இல் நடந்தேறியது. சீகலும் ஷஸ்ரரும் தம் படைப்பின் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டனர் என்பதை இதனோடு சேர்த்து நோக்கினால் நிலைமை தெளிவாகும். வீரன் படைத்தவனுக்கு உரியனல்லன், நிறுவனத்தின் சொத்து. சொத்தை அழிப்பார் எவருமிலர். இத்தாலிய அறிஞர் உம்பேர்ட்டோ எக்கோ 1962இலேயே, சூப்பர்மான் காலத்தாற் தேய்ந்துபோகாதிருக்கும் பொருட்டு அவனது கதைகள் கனவு போன்றதொரு காலத்தில் நிகழ்த்தப்படுகின்றன என எடுத்துக்காட்டினார். சாவு அவ்வாறு தேய்வதன் முடிவு. ஆகவே கதைக்கு அது தேவைப்படினும் சந்தைக்கு ஒவ்வாததாகின்றது.

சந்தையின் கை மிக வெளிப்படையாகத் தோன்றியது 1988இல் ஆகும். பற்மானின் துணைவனாகிய ரொபின் வேடத்திலிருந்த ஜேசன் ரொட் வெடிவிபத்தில் அகப்படுகின்றான். அவன் பிழைப்பதா இறப்பதா என்பதை வாசகர் தொலைபேசி மூலம் தீர்மானிக்கலாம் என அறிவிக்கப்பட்டது. ஓர் அழைப்புக்கு 50 சதம் கட்டணம். சாவுக்கு 5,343 வாக்குகளும் வாழ்வுக்கு 5,271 வாக்குகளும் கிடைத்தன. 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். பிலாத்துவின் முன் நின்று பரபாவைக் கேட்ட கூட்டத்தை இங்கு எண்ணாதிருத்தல் அரிது. விவிலியத்தோடு இக்கதைகளுக்குள்ள மெய்யான ஒப்புமை இதுவே எனக் கூறினும் மிகையாகாது. அவனும் பின்னர் மீட்கப்பட்டான். வேறோர் உலகத்து வீரன் மெய்ம்மையின் சுவரைக் குத்தியதால் அவன் சவப்பெட்டியுள் விழித்தெழுந்தானாம்! 2006இல் தரப்பட்ட இவ்விளக்கத்தை வாசகர் நகைப்புடனேயே நினைவுகூர்வர்.

மீட்கும் முறையே இரு மரபுகளையும் முற்றாகப் பிரிப்பது. 1980இல் ஜீன் கிரே, தான் விளைத்த பேரழிவை உணர்ந்து தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். ஓர் உலகத்து மக்களனைவரையும் அழித்தவள் தண்டனையின்றித் தப்புதல் ஆகாது என மார்வல் நிறுவனத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் வற்புறுத்தியதாலேயே அம்முடிவு எழுதப்பட்டது. சித்திரக் கதை வரலாற்றில் அறவுணர்வு மிக்க மரணங்களுள் இதுவும் ஒன்று. ஆயின் 1986ஆம் ஆண்டளவில், இறந்தவள் ஜீன் அல்லள், அவளுருவை மேற்கொண்ட வேறொரு சக்தியே என்றும், மெய்யான ஜீன் நியூயோர்க்கின் நீரடியில் உறங்கிக் கிடந்தாள் என்றும் கூறப்பட்டது. மரணம் வெல்லப்படவில்லை, நடைபெறவேயில்லை என மறுக்கப்பட்டது. குற்றமும் அதனோடு கழுவப்பட்டுவிட்டது. 2007இற் சுடப்பட்ட கப்டன் அமெரிக்காவும் காலத்தில் இடம்பெயர்க்கப்பட்டவனாகவே மீண்டான்.

திருச்சபை வரலாற்றில் இக்கருத்துக்கு ஒரு முன்னோடியுண்டு. கிறித்து துன்புற்றதும் இறந்ததும் வெறுந்தோற்றமே என்ற தோற்றக் கொள்கையினர் முதலிரு நூற்றாண்டுகளில் இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இக்னேசியஸ் அவர்களைக் கடுமையாக மறுத்தார். அவர் பாடுபட்டது வெறுந்தோற்றமெனில் தாம் விலங்கிடப்பட்டிருப்பது எதன்பொருட்டு என்பதே அவரது வாதம். விலங்குகளின் நடுவிலிருந்து எழுந்தமையாலேயே அவ்வாதம் வலிமையுடையதாகின்றது. பிற்கால நம்பிக்கை அறிக்கை பிலாத்துவின் பெயரையும், இறந்து அடக்கம் செய்யப்பட்டதையும் விடாது குறிப்பிடுவதன் பொருளும் இதனால் விளங்கும். உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகின்றார். இலாசர் மீண்டும் இறக்கவேண்டியவராகவே எழுந்தார். கிறித்து இனி இறவார் என்பது பவுலின் போதனை. இவ்வளவில் நோக்கின், சித்திரக் கதை வீரர் இலாசரையே அணுகி நிற்கின்றனர். இலாசரின் சாவாவது உண்மையானது.

விதிவிலக்காகக் கூறத்தக்கவன் மார்வல் நிறுவனத்தின் கப்டன் மார்வல். 1982இல் அவன் எப்பகைவனாலுமன்றிப் புற்றுநோயால், படுக்கையில், நண்பர் சூழ இறந்தான். பின்னர் அவன் சிறுபொழுது தோன்றிய கதைகள் உளவெனினும் அச்சாவு நீக்கப்படவில்லை. யாவரும் இறக்கும் விதத்தில் இறந்தமையால் அது நிலைத்தது போலும்.

இங்கு மற்றொரு வேறுபாடு தோன்றுகின்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்திற் பவுல், உயிர்த்த கிறித்துவை இறந்தோரின் முதற்கனி என்கிறார். அறுவடை முழுவதும் பின்னே வருகின்றது என்பதே அவ்வுவமையின் பொருள். ஒருவர் எழுந்தது அனைவர் பொருட்டு. சித்திரக் கதையுலகில் எழுவோர் பெரும்பாலும் விலைபோகும் பெயருடையோரே. 1939இற் கூறப்பட்டவாறு, தெருவிற் சுடப்பட்ட புரூஸ் வெயினின் தாய்தந்தையர் மீளவில்லை. 1962இற் கள்வனொருவனாற் கொல்லப்பட்ட, ஸ்பைடர்மானின் சிறியதந்தை பென்னும் மீளவில்லை. கிளைக் கதைகளிலும் மாற்றுலகுகளிலும் அவர்கள் சில வேளைகளில் உயிரோடு உலவுவதுண்டு. மூலக் கதையில் அவர்களது புதைகுழிகள் மூடியபடியே உள்ளன. அவர்கள் எழுந்தால் பற்மானுக்கு இரவில் வெளியே செல்லக் காரணமில்லை. கள்வனைத் தப்பவிட்ட பீற்றர் பார்க்கருக்குச் சுமக்கப் பழியுமில்லை.