மலை ரயிலும் கொடி பிடிச்ச கையும்

எங்க ஊர் மரக்காணத்துல மேடுன்னா அது உப்புக் குவியல்தான். கீத்து போட்டு மூடி வெச்சிருப்பாங்க. அதுல ஏறினா தாத்தா விரட்டுவார். ரயில் பார்க்கணும்னா திண்டிவனம் போகணும். தாது வருஷப் பஞ்சத்துல சென்னைக்குள்ள வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைச்சாங்களே பக்கிங்காம் கால்வாய், அது தெற்கே வந்து முடியறது எங்க ஊர்லதான். உப்பு படகுல போன காலம் ஒண்ணு இருந்தது.

இப்படி ஒரு தட்டையான ஊர்ல வளர்ந்தவனுக்கு மலை ரயில் மேல பைத்தியம் வந்ததுல ஆச்சரியம் இல்லை. ராத்திரி ஷிப்ட்ல மொத்த மாடியிலயும் தனியா உட்கார்ந்து பொட்டி தட்டும்போதெல்லாம் ஊட்டி ரயில் டிரைவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நம்மள மாதிரி தனி ஆள், ஆனா ராஜா, முன்னாடி மலை, மேல மேகம்னு ஒரு கற்பனை.

அது சுத்தத் தப்புன்னு மேட்டுப்பாளையத்துல தெரிஞ்சுது :-)

முதல்ல கொஞ்சம் வரலாறு. இந்தப் பாதைக்கு 1854-லயே யோசனை வந்தாச்சு. வேலை ஆரம்பிச்சது 1891-ல. ஆரம்பிச்ச கம்பெனி பணமில்லாம படுத்துடுச்சு, அப்புறம் வேற கம்பெனி வந்து 1899-ல குன்னூர் வரைக்கும் ரயிலை விட்டாங்க. ஊட்டியைத் தொட 1908 ஆச்சு. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு.

கல்லாறு தாண்டினா சுமார் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச ரெண்டு இரும்புப் பட்டை, ஒண்ணோட பல் இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா வர்ற மாதிரி. ரோமன் ஆப்ட்னு ஒரு சுவிஸ் என்ஜினியரோட மூளை. எஞ்சினும் சுவிஸ், விண்டர்தூர்ல செஞ்சது. கீழ் சிலிண்டர்ல வேலை செஞ்ச நீராவியை வீணாக்காம மேல் சிலிண்டருக்கு அனுப்பி பல் சக்கரத்தைச் சுத்த வைக்கறாங்க. நாம இன்னிக்கு 'ரீயூஸ்'னு பீத்திக்கறோம்! பின்னாடி நம்ம திருச்சி பொன்மலை பட்டறையிலயே இதே மாதிரி எஞ்சின் செஞ்சாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். குன்னூர் வரைக்கும் எஞ்சின் இழுக்கறதில்லை, பின்னாலிருந்து தள்ளுது. ஏதாவது கழண்டுகிட்டா பெட்டி தனியா கீழ ஓடிடக்கூடாது பாருங்க, அதுக்குத்தான். ஆனா அதோட விலை என்னன்னா, டிரைவருக்கு முன்னாடி பாதையே தெரியாது. அவர் பார்க்கறது பெட்டியோட முதுகைத்தான். யானை நிக்குதா, பாறை விழுந்து கிடக்கா, எதுவும் தெரியாது.

பார்க்கறது பிரேக்ஸ்மேன்கள். பெட்டிக்கு ஒருத்தர், வெளித் திண்ணை மாதிரி இருக்கற இடத்துல நின்னுகிட்டு வருவாங்க. முன்னாடி இருக்கறவர் கொடி காட்டுவார், அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்டுவார், அப்படியே பின்னாடி எஞ்சின் வரைக்கும் போகும். டிரைவர் விசில் அடிச்சா அவங்கவங்க பெட்டியில கையால பிரேக்கைச் சுத்தணும். சக்கரத்துக்கு ஒண்ணு, பல் சக்கரத்துக்கு ஒண்ணு. மழையோ பனியோ அங்கேயேதான் நிக்கணும். எஞ்சினைப் பத்தி படிக்கப் படிக்க வந்துகிட்டே இருக்கு, இவங்களைப் பத்தி ரெண்டு வரிக்கு மேல எங்கயும் எனக்குக் கிடைக்கலை.

நான் முதல் பெட்டியில இருந்தேன். எடுத்த போட்டோ எல்லாத்துலயும் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பச்சைக் கொடி பிடிச்ச ஒரு கை. அப்போ எரிச்சலாத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு விடாம அந்தக் கையை வெட்டிட்டுத்தான் சேமிச்சேன். இப்போ ஒரிஜினலைத் தேடிகிட்டிருக்கேன், பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும்.