இதய-சிறுநீரகக் கூட்டறிகுறி

இதய-சிறுநீரகக் கூட்டறிகுறி என்பது, இதயம், சிறுநீரகம் ஆகிய இரு உறுப்புகளுள் ஒன்றில் தோன்றும் செயற்குறைவு மற்றதன் செயற்பாட்டையும் கெடுக்கும் நிலைகளைக் குறிக்கும் மருத்துவச் சொல் ஆகும். இது தனியொரு நோயன்று; ஒன்றையொன்று மோசமாக்கும் பல நோய்நிலைகளின் தொகுப்பாகும். இதயச் செயலிழப்புடன் மருத்துவமனைக்கு வருவோரில் பலருக்குச் சிறுநீரகமும் பழுதுற்றிருக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுள் பலர், சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பதற்கு முன்பே இதய நோயால் இறக்கின்றனர். இதயம் போதிய குருதியை அனுப்பாததால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்பதே நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த விளக்கம். குருதி சிறுநீரகத்தை விட்டு வெளியேற இயலாமல் தேங்குவதும் அதற்கு இணையான காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இத்திருத்தம் மருத்துவ முறையையும் மாற்றியது.

இரு உறுப்புகளுக்கும் இடையிலான தொடர்பு

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. உடல் எடையில் அரை விழுக்காடு கூட இல்லாத சிறுநீரகங்கள் இரண்டும் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் அவற்றில் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது மீண்டும் உறிஞ்சப்படுகிறது. உடலில் எவ்வளவு உப்பும் நீரும் தங்க வேண்டும் என்பதைச் சிறுநீரகம் முடிவு செய்கிறது. அந்த நீரின் சுமையை இதயம் தாங்குகிறது.

சிறுநீரகத்துக்கு வரும் குருதியின் அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்வினையாக ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிக் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது; ஆல்டோஸ்டிரோன் சுரந்து உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. காயத்தால் குருதி இழந்தவருக்கு இவ்வமைப்பு உயிர்காப்பதாகும். ஆனால் வலுவிழந்த இதயம் உடையவரின் உடலில் குருதி குறைந்திருப்பதில்லை. இரு நிலைகளையும் வேறுபடுத்தி அறியும் வழி சிறுநீரகத்துக்கு இல்லை. ஆகவே ஏற்கனவே மிகுந்திருக்கும் நீரை அது மேலும் தேக்குகிறது. கால்களும் வயிறும் வீங்குகின்றன, நுரையீரலில் நீர் கோக்கிறது, இதயம் மேலும் தளர்கிறது.

ஆய்வு வரலாறு

உடல் வீக்கத்துக்கு டிஜிட்டாலிஸ் செடியின் இலையைப் பயன்படுத்திய அனுபவங்களை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785 இல் நூலாக வெளியிட்டார். அதை அவர் சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகவே முதன்மையாகக் கருதினார். எனினும் இதயத்தின் இயக்கத்தின் மீது அதற்குத் தனி ஆற்றல் உண்டு என்பதையும் குறித்துவைத்தார்.

இலண்டனின் கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், வீக்கமும் சிறுநீரில் ஆல்புமின் புரதமும் காணப்பட்ட நோயாளிகளைப் பற்றி 1827 இல் எழுதினார். இறந்தோரின் உடல்களை ஆய்ந்த அவர், 1836 இல் வெளியிட்ட கட்டுரையில், சிறுநீரகம் சுருங்கிப்போன பலருக்கு இதயத்தின் இடது கீழறை தடித்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். குருதி அழுத்தத்தை அளக்கும் கருவி மருத்துவர்களின் கையில் இல்லாத காலம் அது. பழுதுற்ற சிறுநீரகத்தால் குருதியின் தன்மை மாறி, அதனால் இதயம் கூடுதலாக உழைக்க நேர்ந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார்.

1898 இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் ஆகியோர் முயலின் சிறுநீரகச் சாற்றில் குருதி அழுத்தத்தை உயர்த்தும் பொருளைக் கண்டு அதற்கு ரெனின் எனப் பெயரிட்டனர். இக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருட்படுத்தப்படவில்லை. 1934 இல் அமெரிக்கரான ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி நிலையான உயர் குருதி அழுத்தத்தை உருவாக்கிக் காட்டிய பின்னரே ரெனின் மீண்டும் கவனம் பெற்றது.

சிரை அழுத்தம்: மறக்கப்பட்ட காரணம்

1931 இல் எஃப். ஆர். விண்டன் என்னும் பிரித்தானிய உடலியலாளர், நாயின் உடலிலிருந்து பிரித்தெடுத்த சிறுநீரகத்தைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். தமனி வழியே உள்வரும் குருதியின் அழுத்தத்தை மாற்றாமல், சிரை வழியே வெளியேறும் குருதியின் அழுத்தத்தை மட்டும் உயர்த்தினார். சிறுநீர் உற்பத்தி குறைந்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. சிறுநீரகத்தின் ஊடாகக் குருதி பாய்வது உள்வழி, வெளிவழி அழுத்தங்களின் வேறுபாட்டால் ஆகும். உள்வழி அழுத்தம் தாழ்ந்தாலும் வெளிவழி அழுத்தம் உயர்ந்தாலும் வேறுபாடு சுருங்கும். மேலும் சிறுநீரகம் இறுக்கமான உறையால் போர்த்தப்பட்டிருப்பதால், தேங்கிய குருதியால் அது தாராளமாக விரிய இயலாது. உள்ளே உயரும் அழுத்தம் நுண்குழல்களை நெருக்குகிறது. வயிற்றறையில் நீர் கோத்திருந்தால் வெளியிலிருந்தும் நெருக்கடி கூடுகிறது.

எனினும் 1946 இல் ஆர்தர் மெரில் வெளியிட்ட ஆய்வு, இதயச் செயலிழப்புள்ள நோயாளிகளின் சிறுநீரகக் குருதியோட்டம் பெரிதும் குறைந்திருந்ததைக் காட்டி, இதயம் முன்னோக்கிக் குருதியைச் செலுத்தாததே வீக்கத்தின் முதற்காரணம் என்று முடிவு கூறியது. அவ்விளக்கமே பாடநூல்களில் நிலைபெற்றது. மெரிலின் அளவீடுகளில் பிழை இல்லை. குருதியோட்டம் குறைந்திருந்தது உண்மையே. அது ஏன் குறைந்தது என்பதற்கு ஒரே ஒரு விடையைத் தேர்ந்ததில்தான் சிக்கல் இருந்தது.

2009 இல் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த வில்ஃபிரிட் முல்லன்சும் உடன் ஆய்வாளர்களும், தீவிர இதயச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 145 நோயாளிகளின் அளவீடுகளை வெளியிட்டனர். சிறுநீரகம் மேலும் கெட்டவர்களுக்கு மையச் சிரை அழுத்தம் மற்றவர்களைவிட மிகுந்திருந்தது. அவர்களின் இதயம் வெளியேற்றிய குருதியின் அளவோ மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை, சற்றுக் கூடுதலாகவே இருந்தது. விண்டனின் ஆய்வுக்கூட நாய்களுக்கும் இந்த நோயாளிகளுக்கும் இடையில் 78 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வகைப்பாடு

அமெரிக்காவின் தேசிய இதயம், நுரையீரல், குருதி நிறுவனம் 2004 இல் கூட்டிய பணிக்குழு, இதயச் செயலிழப்புக்கான சிகிச்சையைத் தொடர இயலாதவாறு சிறுநீரகம் கெட்டுவரும் நிலையையே இப்பெயரால் குறித்தது. இவ்வரையறை இதயத்தின் பக்கமிருந்து மட்டும் பார்ப்பதாக இருந்தது. இத்தாலியின் விசென்சா நகரைச் சேர்ந்த சிறுநீரகவியலாளர் கிளாவுடியோ ரொன்கோவும் பிறரும் 2008 இல் முன்வைத்த வகைப்பாடு இரு திசைகளையும் உள்ளடக்கியது. முதல் இரு வகைகளில் நோய் இதயத்தில் தொடங்குகிறது: முதலாவது திடீரென நேர்வது, இரண்டாவது நாட்பட்டது. மூன்றாவதும் நான்காவதும் அதேபோல் சிறுநீரகத்தில் தொடங்குபவை. குருதி நச்சூட்டம் போன்ற பொதுவான நோய் இரண்டையும் ஒருசேரத் தாக்குவது ஐந்தாம் வகை. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இது வசதியானது. ஆனால் நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ள ஒருவருக்கு எவ்வுறுப்பு முதலில் கெட்டது என்று கூறுவது பெரும்பாலும் இயலாது.

சிறுநீரகத்திலிருந்து இதயத்துக்கு

குருதிச் சுத்திகரிப்பு சிகிச்சையால் நீண்டகாலம் உயிர்வாழ்ந்தோரிடம் தமனித் தடிப்பு விரைந்து ஏற்படுவதை அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 1974 இல் அறிவித்தனர். 2004 இல் ஆலன் கோ முதலியோர் வடக்கு கலிபோர்னியாவில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் வாய்ப்பு படிப்படியாக உயர்வது தெரிந்தது. நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்கும் குறைவாக வடிகட்டும் நிலையில் அவ்வாய்ப்பு 3.4 மடங்காக இருந்தது. மிதமான குறைவுள்ளவர்களிடமும் அது கூடியிருந்தது என்பதே இவ்வாய்வின் முக்கியத்துவம்.

காரணங்கள் பல. உயர் குருதி அழுத்தமும் நீர்த்தேக்கமும் இடது கீழறையைத் தடிக்கச் செய்கின்றன. பாசுபரசு வெளியேறாமல் தங்குவதால் தமனிச் சுவர்களில் சுண்ணாம்பு படிகிறது. பாசுபரசைச் சமன்செய்ய எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்னும் இயக்குநீரே இதயத்தசையைத் தடிக்கச் செய்யக்கூடும் என 2011 இல் வெளியான விலங்காய்வு காட்டியது. மற்றவர்களுக்கு நன்கு பயன்படும் கொழுப்புக் குறைப்பு மருந்துகள், குருதிச் சுத்திகரிப்பில் உள்ளோரை ஆராய்ந்த இரு பெரும் ஆய்வுகளில் (2005, 2009) குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. இவர்களின் இறப்புகளில் பல, கொழுப்பு அடைப்பினால் அன்றி, இதயத்துடிப்பு ஒழுங்கின்மையால் திடீரென நேர்வதே இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது.

கிரியேட்டினின் அளவும் சிகிச்சைக் குழப்பமும்

குருதியில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் திறன் மதிப்பிடப்படுகிறது. இதயத்துக்கு நன்மை செய்யும் மருந்துகள் பலவும் தொடக்கத்தில் இவ்வளவைச் சற்று உயர்த்துபவை. 1987 இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்புள்ள 253 பேரில் எனலாப்ரில் பெற்றோரின் ஆறு மாத இறப்பு 26 விழுக்காடாகவும், போலி மருந்து பெற்றோருடையது 44 விழுக்காடாகவும் இருந்தது. இம்மருந்து சிறுநீரக வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் நுண்தமனியைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது. வடிகட்டுதல் சற்றுக் குறைவது அம்மருந்து வேலை செய்வதன் பகுதியே. எண் உயர்ந்ததைக் கண்டு மருந்து நிறுத்தப்படும்போது நோயாளி இழப்பது பெரிது. மறுபுறம், பொட்டாசியம் அபாயமான அளவுக்கு உயர்ந்து இதயத்துடிப்பு நின்றுவிடும் ஆபத்தும் உண்மையானது. ஆகவே குருதிப் பரிசோதனையின்றி இம்மருந்துகளைத் தொடர்வதும் தவறாகும்.

சிறுநீர்ப்பெருக்கிகளிலும் இதே குழப்பம் உண்டு. 308 பேரை உள்ளடக்கிய டோஸ் ஆய்வில் (2011), மிகுந்த அளவு ஃபுரோசெமைடு பெற்றோரில் கூடுதலானோருக்குக் கிரியேட்டினின் தற்காலிகமாக உயர்ந்தது. அறுபதாம் நாளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. நீரை எந்திரத்தால் வடித்தெடுப்பது மேலானதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, 188 பேரிடம் நடந்த கேரஸ் ஆய்வில் (2012) பொய்த்தது. எடைக் குறைவு சமமாகவே இருந்தது. சிறுநீரகம் கெடுவதும் பக்கவிளைவுகளும் எந்திர முறையில் கூடுதலாக இருந்தன. சிறுநீரகக் குருதியோட்டத்தைக் கூட்டும் நோக்குடன் குறைந்த அளவில் தரப்பட்ட டோபமினும் 2013 இல் பயனற்றதெனத் தெரிந்தது. தேக்கம் நீங்கிவரும் நோயாளியின் கிரியேட்டினின் சற்று உயர்வதும், தேக்கம் நீங்காமலே உயர்வதும் ஒன்றல்ல என்பது இவற்றால் தெளிவாயிற்று.

எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான்கள்

சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மீண்டும் உறிஞ்சவிடாமல் சிறுநீரிலேயே வெளியேற்றும் இம்மருந்துகள் நீரிழிவுக்காக உருவாக்கப்பட்டவை. இவற்றின் மூதாதையான ஃப்ளோரிசின் 1835 இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குத் தீங்கு செய்யாதவை என்று காட்ட வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 இல் வலியுறுத்தியது. அதற்காக நடத்தப்பட்ட எம்பாகிளிஃப்லோசின் ஆய்வு 2015 இல் வெளியானபோது, தீங்கின்மை மட்டுமன்றி, இதய நோய் இறப்புகள் 38 விழுக்காடு குறைந்திருந்ததும் தெரியவந்தது.

பின்னர் நீரிழிவு இல்லாதோரும் சேர்க்கப்பட்டனர். டாபாகிளிஃப்லோசின், 4744 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் (2019) இதய நோய் இறப்பையும் நோய் முற்றுவதையும் சேர்த்து 26 விழுக்காடு குறைத்தது. நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 4304 பேரிடம் (2020) சிறுநீரகம் கெடுவதையும் அது தாமதப்படுத்தியது. இங்கும் முதல் வாரங்களில் வடிகட்டும் அளவு சற்று இறங்கி, பின்னர் நிலைபெறுகிறது. ஒரே மாத்திரை இரு உறுப்புகளையும் காப்பது ஏன் என்பதற்கு முழுமையான விளக்கம் இன்னும் இல்லை.

நோயாளிகளுக்கான கட்டுப்பாடுகள்

உப்பைக் குறைத்தல் அடிப்படையானது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. சாதாரண உப்புக்கு மாற்றாக விற்கப்படும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளதால் அவை இந்நோயாளிகளுக்கு ஆபத்தானவை. இளநீரிலும் பொட்டாசியம் மிகுந்துள்ளது. மருத்துவச் சீட்டு இன்றியே பலர் வாங்கி உண்ணும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகள் நீரைத் தேக்குவதோடு சிறுநீரகக் குருதியோட்டத்தையும் குறைப்பதால் இரு உறுப்புகளுக்கும் ஒருசேரத் தீங்கு செய்கின்றன.

ஆய்வுகளின் குறைபாடு

இதய மருந்துகளுக்கான பெரும் ஆய்வுகள் பலவற்றில் கடுமையான சிறுநீரக நோயுள்ளோர் சேர்க்கப்படுவதில்லை. ஆபத்து மிகுந்தோருக்கே சான்றுகள் குறைவாக இருப்பதற்கு இது காரணமாகும். இதற்கு விதிவிலக்கான இஸ்கிமியா-சிகேடி ஆய்வு (2020), முற்றிய சிறுநீரக நோயுடன் நிலையான இதயத்தமனி நோயும் உள்ள 777 பேரை ஆராய்ந்தது. அடைப்பைத் தொடக்கத்திலேயே நீக்கும் சிகிச்சை, மருந்துகளை மட்டும் தொடர்வதைவிட இறப்பையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. 2023 இல் அமெரிக்க இதயச் சங்கம், உடற்பருமன், நீரிழிவு ஆகியவற்றையும் சேர்த்து 'இதய-சிறுநீரக-வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி' என்னும் விரிந்த பெயரை முன்மொழிந்தது.